நோய்ப்பாத்தியைச் சுத்தம் செய்தவர்கள்

குண்டசாலை பஸ்ஸில் என் பக்கத்துச் சீட் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். நின்றுகொண்டு வருகிறவர்கள்கூட அந்தச் சீட்டைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து, கம்பியைப் பிடித்தபடியே நின்றுவிடுவார்கள். வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, சப்பாத்தை மாற்றி, வேறு உடுப்புப் போட்டுக்கொண்டுதான் வருகிறேன். இருந்தும் நகக்கண்ணிலோ முடியிலோ அது ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. அழுகிய தக்காளித் தண்டின் நாற்றம். மீன் கழுவிய தண்ணீரை இரண்டு நாள் மூடிவைத்துத் திறந்தால் எப்படி இருக்கும், அப்படி. முகம் சுளிக்கிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன், எனக்கே அது பிடிக்காது.

என்ன வேலை என்று யாராவது கேட்டால் “விதைக் கம்பெனியில” என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். முழுதாகச் சொன்னால் புத்தி பேதலித்தவள் என்று நினைப்பார்கள். ஏனென்றால் என் வேலை மண்ணை நோயாகவே வைத்திருப்பது. பல்லேகல பக்கம் இருக்கும் எங்கள் கம்பெனித் தோட்டத்தின் கீழ்க்கோடியில், மழைத்தண்ணீர் வேறு எங்கும் ஓடிவிடாதபடி சுற்றிலும் கால்வாய் வெட்டிய ஒரு துண்டு நிலம் இருந்தது. அதற்கு நாங்கள் வைத்த பெயர் நோய்ப்பாத்தி. வாடல் நோயால் விழுந்த செடிகளை அங்கேயே வெட்டி, பீப்பாயில் ஊறப்போட்டு, அந்தக் கஞ்சியை வாளி வாளியாக மண்ணுக்கு ஊற்றுவேன். அந்த மண்ணில் கிருமி குறையக்கூடாது. ஒரு மூலையில் செடியைக் கொன்று இன்னொரு மூலையில் சும்மா விடுகிற மண் எங்களுக்கு உதவாது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரிக் கொல்லவேண்டும். அப்படிப்பட்ட மண்ணில் நட்டுப் பார்த்தால்தான் எந்தத் தக்காளி நிற்கும், எது விழும் என்று தெரியும்.

அதிலும் ஒரு முறை இருக்கிறது. ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை, கட்டாயம் சாகும் என்று தெரிந்த நோஞ்சான் ரகம் ஒன்றை நடுவோம். அது சாட்சி வரிசை. சாட்சி செத்து, பக்கத்தில் நிற்பது உயிரோடு இருந்தால், நிற்பதை நம்பலாம். சாட்சி சாகாவிட்டால் அந்தப் பாத்தியில் நிற்கிற எதற்கும் அர்த்தமில்லை. இதை விளங்கிக்கொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஆனாலும் விளங்காதவர்கள் எங்கள் ஆபிஸில் இருந்தார்கள், அதிகாரக் கதிரையிலும் அவர்கள்தான் இருந்தார்கள்.

இந்த நாற்றத்தையெல்லாம் நான் சகித்ததற்குக் காரணம் அக்கா. மடவளையில் கடை வைத்திருக்கும் ஒருவரின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து அவள் மரக்கறி போடுகிறாள். தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து வெளியே வந்த எங்கள் குடும்பத்தில், கொழுந்துக்கூடை இல்லாமல் மண்ணில் கை வைத்தவள் அவள் ஒருத்திதான். போஞ்சி வரும், அது இல்லாவிட்டால் கீரை வரும், ஆனால் குத்தகையைத் தாங்குவது தக்காளிதான். அந்தத் தக்காளியைத்தான் வாடல் பிடித்தது. காலையில் கம்பீரமாக நிற்கும். மத்தியானம் இலை பச்சையாக இருக்கும்போதே தலை தொங்கும். சாயங்காலம் நிமிர்ந்துவிடும், நம்மை ஏமாற்றுவதற்கென்றே. இரண்டு மூன்று நாளில் செடி செத்துவிடும். மருந்து அடித்து ஒன்றும் ஆகாது, கிருமி மண்ணுக்குள் இருக்கிறது.

நோய் இதுதானா என்று பார்க்க ஒரு வழி உண்டு. தண்டைக் குறுக்கே வெட்டி, தெளிந்த தண்ணீர் உள்ள கிளாஸில் வெட்டுவாய் மட்டும் படும்படி பிடிக்கவேண்டும். கொஞ்ச நேரத்தில் தண்டிலிருந்து வெள்ளையாக ஒரு நூல் இறங்கும். சளி நூல். அத்தனையும் கிருமி. அதை முதன்முதலாக அக்கா வீட்டுக் குசினியில் நான் செய்து காட்டியபோது, அவள் “சீ” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தக் கிளாஸை நான் போனபிறகு வீசிவிட்டாள் என்று பிறகு தெரிந்தது. என் சப்பாத்தையும் அவள் வாசலுக்கு வெளியேதான் வைக்கவேண்டும், அதுவும் சாணித் தண்ணீர் தெளித்த இடத்துக்கு அப்பால்.

அவளுக்காகத்தான் அந்தத் தக்காளியை நான் விடாமல் தொடர்ந்தேன். நோய் தாங்குகிற தக்காளி இல்லாமல் இல்லை. காட்டுத்தனமான, கோலிக்குண்டு அளவு காய்க்கிற, புளிப்பும் தடித்த தோலுமான ஒன்று இருக்கிறது. அதை எந்த மண்ணில் போட்டாலும் நிற்கும், ஆனால் எந்தக் கறிக்கும் ஆகாது. பெரிய பழம் காய்க்கிறது எல்லாம் நோஞ்சான். இரண்டையும் சேர்த்தால், நோய் தாங்குகிற குணமும் சின்னக் காயும் கைகோத்துக்கொண்டே வரும். பெரிய காய் வேண்டுமென்று பொறுக்கினால் நோய்க்குத் தாங்காதது கையில் வரும். போகத்துக்குப் போகம் இந்தக் கூத்துத்தான். பூவைப் பிரித்து மகரந்தம் தடவி, காயை அறுத்து விதை எடுத்து, முளைத்ததை நோய்ப்பாத்தியில் நட்டு, அது சாவதைப் பார்த்து, அதையும் பீப்பாயில் போட்டுக் கரைப்பது.

ஒரு பாத்தியில் ஒரு போகம் நின்றால் போதாது என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. இந்தக் கிருமி ஊருக்கு ஊர் வேறு மாதிரி. இங்கே நிற்கும் செடி இன்னொரு மண்ணில் விழும். குளிர் நாளில் தாங்கியது வெயிலும் ஈரமும் சேர்ந்தால் படுத்துவிடும். நாலு பருவம் பார்த்துவிட்டு நம்புவதுதான் நம்பிக்கை. அதற்காகப் பல இடங்களிலிருந்து நோய் மண்ணை இரட்டை உரப்பையில் கட்டிக் கொண்டுவந்து பாத்தியில் கலந்தேன். அக்காவின் நிலத்து மண்ணும் அதில் இருந்தது. கடைசியில் ஒரு செடி தேறியது. காய் பெரிதில்லை, பெரிய நெல்லிக்காயைவிடக் கொஞ்சம் பெரிது. ஆனால் தோல் மெல்லியது, கறிக்கு ஆகும். சாட்சி வரிசைகள் இரண்டு பக்கமும் கருகிக் கிடக்க, அது நின்றது. வெயில் காலத்திலும் ஒரு தடவை பார்த்துவிட்டால் அக்காவுக்குக் கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கொழும்பிலிருந்து ஒரு பெரிய மனிதர் தோட்டத்தைப் பார்க்க வருகிறார் என்றார்கள்.

எங்கள் மனேஜர் கண்டி டவுனில் பிறந்து வளர்ந்தவர். இஸ்திரி போட்ட சேட், நெற்றியில் சின்னச் சந்தனப் பொட்டு. நோய்ப்பாத்திப் பக்கம் வரவே மாட்டார். வந்தாலும் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, கால்வாய்க்கு அந்தப் பக்கம் நின்றே பேசுவார். பௌர்ணமிப் போயா விடுமுறையோடு சேர்த்து லீவு எடுத்து நான் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது என் பாத்தியை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

கால்வாய்க் கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். நீச்சல் குளத்தில் வருகிற வாடை வந்தது. ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து வரிசைக்கு வரிசை ஊற்றியிருந்தார்கள். அதற்கு மேல் எங்கிருந்தோ கொண்டுவந்த சிவந்த மண்ணைப் பரப்பி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, வாசலில் குருத்தோலை கட்டியிருந்தார்கள். பீப்பாயைக் காணவில்லை. சாட்சி வரிசைகளில் செத்துக் கிடந்த செடிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் வலைக்கூடாரத்திலிருந்த பெரிய பழ ரகத்தைத் தொட்டியோடு தூக்கி வந்து, தொட்டி தெரியாமல் புதைத்து வைத்திருந்தார்கள். நல்ல மண்ணில், நிழலில், குழந்தை மாதிரி வளர்த்த செடிகள். சிவந்த பழம் குலை குலையாகத் தொங்கியது. என் செடி நடுவில் நின்றது, யாரும் அதைத் தொடவில்லை.

அத்தனை காலம் அந்தக் கஞ்சியைக் கையால் கலக்கியிருக்கிறேன், ஒருநாளும் வாந்தி வந்ததில்லை. அன்றைக்குத் தண்ணீர்க் குழாயடிக்குப் போய் வாயைக் கழுவவேண்டி வந்தது.

“என்ன சார் இது? சாட்சி எங்க?” என்று மனேஜரிடம் கேட்டேன்.

“என்னம்மா நீங்க,” என்றார், உண்மையாகவே ஆச்சரியப்பட்டு. “வீட்டுக்கு ஆள் வந்தா குப்பைக் கூடைய நடு வீட்ல வைப்பீங்களா? வர்ற மனுசன் முதல்ல செத்த செடியதான் பாக்கணுமா? அபசகுனமா இல்ல?”

“சாகணும்னுதான் சார் நட்டது.”

“அதெல்லாம் நமக்குத் தெரியும். அவருக்குத் தெரியணுமா? போங்க, போய் நல்ல சாரி ஒண்ணு உடுத்திட்டு வாங்க.”

அவர் கெட்டவர் என்றால் எனக்குக் கோபப்படுவது சுலபமாக இருந்திருக்கும். அவர் மனதார மரியாதை செய்துகொண்டிருந்தார். மஞ்சள் தண்ணீர் தெளித்தவர்களும் அப்படித்தான். எனக்கு உதவி செய்ததாக நினைத்து ஒருத்தி, “இனிமே ஒனக்கு நாத்தம் இல்ல” என்று சிரித்தாள். விருந்தாளிக்காகத் துடைத்து வைக்கிற பழக்கம் நம் எல்லோருடைய இரத்தத்திலும் இருக்கிறது. அதைக் கொண்டுபோய் நோய்ப்பாத்தியில் காட்டுவார்கள் என்று மட்டும் நான் நினைக்கவில்லை.

பெரிய மனிதர் வந்தார். குத்துவிளக்கு ஏற்றினார், பால்சோறு சாப்பிட்டார், சுண்ணாம்பு அடித்த கற்களின் நடுவே நடந்தார். “இதுதான் நோய் மண்ணா? ஒண்ணுகூடச் சாகலையே!” என்றார். மனேஜர் பல்லெல்லாம் தெரிய நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. “சாகவேண்டியதும் சாகல சார். அதனால இதுல எதையும் நம்ப ஏலாது” என்றேன். அவர் அதை ஒரு பகிடியாக எடுத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். பிறகு தொட்டிச் செடியிலிருந்து பெரிய பழம் ஒன்றைப் பறித்து உயர்த்திப் பிடித்தார், படம் எடுத்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அதே படம் விதைப் பைக்கற்றின் மேல் வந்தது. வாடல் தாங்கும் தக்காளி என்று மூன்று மொழியிலும் அச்சடித்திருந்தார்கள். உள்ளே இருந்தது அந்தத் தொட்டிச் செடியின் விதை. நோய்ப்பாத்தி இருந்த இடத்தில் செவ்வந்தி நட்டுவிட்டார்கள், மனேஜருக்கு இப்போது அங்கே நின்று தேத்தண்ணீர் குடிக்கப் பிடிக்கும்.

அந்தப் பைக்கற் மடவளைக்கு என்னைவிட முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. நிலத்துக்காரர், அவரை நாங்கள், முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி, நானா என்றுதான் கூப்பிடுவோம், தன் கடைக்கு வந்த பைக்கற்றுகளில் சிலதை அவரே அக்காவுக்குக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். பழத்தின் படம் அவருக்குப் பிடித்துப்போயிற்று. கூடவே ஒரு பேச்சும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: “இந்த முறையும் வாடினா எனக்கு ஏலா தங்கச்சி. கொங்கிறீட் போட்டு லொறி நிப்பாட்ட எடம் செய்யப் போறேன்.”

நான் போனபோது அக்கா பாத்தி கட்டிக்கொண்டிருந்தாள். போடவேண்டாம் என்றேன். தொட்டியைப் புதைத்த கதையைச் சொன்னேன். அவள் மம்பட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

“இதுல இருக்கிறது ஒங்க கம்பெனி பேருதான?”

“ஆமா.”

“அப்ப ஒங்க கம்பெனி பொய் சொல்லுதுன்னு ஒங்க கம்பெனி ஆளே வந்து சொல்ற. நான் நானாகிட்ட போய் என்னான்னு சொல்ல? அவரு குடுத்த வெதைய வேணாம்னு சொல்லவா?”

என் செடியின் விதையில் முளைக்கவைத்துக் கொண்டுபோன நாற்றுகளைக் காட்டினேன். காய் எவ்வளவு பெரிது என்று கேட்டாள். விரலை வளைத்துக் காட்டினேன். அவள் சிரித்தாள். “இத யாருடி வாங்குவா? ஊறுகா போடவா?” சாட்சிக்காக நோஞ்சான் ரகத்தையும் ஒரு வரிசை போடு என்று கேட்டபோது சிரிப்பு நின்றுவிட்டது. “சாகுறதுக்குன்னே ஒரு வரிசையா? என் மண்ணுலயா? வாயக் கழுவுடி.” கடைசியில், கீழே வடிகான் ஓரமாக, வேறெதற்கும் ஆகாத ஒரு வரிசையை எனக்கு விட்டாள். அதுவும் தங்கச்சி முகம் கோணக்கூடாது என்பதற்காக. மற்ற நிலம் முழுக்கப் பைக்கற் விதை.

செடிகள் நன்றாகத்தான் வந்தன. பூத்தன, காய் பிடித்தன. நானா இரண்டு தடவை வந்து பார்த்து, “மாஷா அல்லா, இந்த முறை சரி வரும்” என்று சொல்லிவிட்டுப் போனாராம். அக்கா போனில் என்னைக் கிண்டல் செய்தாள். நான் சொன்னது பொய்யாகட்டும் என்று எனக்கும் ஆசையாக இருந்தது.

பிறகு ஒரு மத்தியானம் போன் வந்தது. “தலைய தொங்கப் போட்டிருக்குடி. சாயங்காலம் நிமிருமா?”

“இன்னைக்கு நிமிரும்” என்றேன்.

கண்டிக்குப் போய் மடவளை பஸ் பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது, நிலம் முழுக்கப் பச்சை இலையோடு செத்துக்கொண்டிருந்தது. பாதிப் பழுத்த பெரிய பழங்கள் தண்டோடு மண்ணில் கிடந்தன. வடிகான் ஓரத்தில் என் வரிசை ஒன்றுமே நடக்காததுபோல நின்றது. வெற்றி என்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அக்காவின் நிலமே ஒரு பெரிய சாட்சி வரிசையாகிவிட்டது, அதைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. அவர்கள் என் பாத்தியில் பிடுங்கி எறிந்த சாவு இங்கே வந்து நடந்திருக்கிறது.

அக்கா அழவில்லை. ஒரு தண்டை வெட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தண்ணீர் கிளாஸோடு வந்து வாசல் திண்டில் வைத்து, தண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெள்ளை நூல் இறங்கியது. இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை. தண்ணீர் முழுக்கப் பால்போலக் கலங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மனேஜருக்கு நான் போன் செய்தேன், ஸ்பீக்கரில் போட்டு. நடந்ததைச் சொன்னேன். “ஒரு வரிசை நிக்குதுன்னு சொன்னீங்களே, அத மட்டும் நல்லா ஒரு படம் எடுத்து அனுப்புங்கம்மா” என்றார். “மத்தத யாரும் பாக்க முந்திப் பிடுங்கிச் சுத்தம் பண்ணச் சொல்லுங்க.” அவர் மாறவே இல்லை. அக்கா கையை நீட்டிப் போனை அணைத்தாள். “த்தூ” என்று வாசல் பக்கம் துப்பினாள். இத்தனை வருடத்தில் அவள் வாசலில் துப்பி நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் நானா வந்தார். செத்த செடி ஒன்றைக் காலால் புரட்டிப் பார்த்தார். அவர் கொடுத்த விதை என்பதால் அவருக்கும் முகம் கொடுக்க முடியவில்லை. “என்ன செய்யிற தங்கச்சி. மண்ணு சரியில்ல” என்றார்.

“மண்ணு மேல பழி போடாதீங்க நானா,” என்றாள் அக்கா. “அது இவ சொன்னபடிதான் செஞ்சிருச்சி.”

நிலத்தைத் திரும்பக் கொடுக்கச் சம்மதித்துவிட்டாள். வாதாடவில்லை. வடிகான் ஓரத்து வரிசை பழுத்து விதை எடுக்கும்வரை மட்டும் விடுங்கள் என்று கேட்டாள். “நோம்பு முடியிற வரைக்கும் நான் ஒண்டும் செய்ய மாட்டேன்” என்று அவர் சொன்னார், சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். பெருநாள் முடிந்த கிழமை கல் லொறி வந்தது. இப்போது அங்கே கொங்கிறீட்தான் இருக்கிறது.

லொறி வருவதற்கு முன், விதை வாங்கக் கடைசியாக நான் போன அன்று, அக்கா நிலத்தின் நடுவில் குந்தியிருந்தாள். விதையைக் கழுவிக் காயவைத்து ஒரு சின்னப் போத்தலில் போட்டுத் தயாராக வைத்திருந்தாள். ஆனால் அவள் செய்துகொண்டிருந்தது வேறு வேலை. செத்த செடிகளின் வேரடி மண்ணை வெறும் கையால் கிண்டி உரப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள். உரப்பைக்குள் உரப்பை, நான் கட்டுகிற மாதிரியே.

“ஒனக்கு நோய் மண்ணு வேணும்னு சொன்னியே. ஒன்னோடத கழுவிட்டாங்கல்ல.”

வலைக்கூடாரத்துக்குப் பின்னால், மனேஜர் மூக்குக்குப் பயந்து வராத இடத்தில், பழைய பெயின்ட் வாளிகளில் மறுபடி தொடங்கலாம் என்று முன்பே அவளிடம் சொல்லியிருந்தேன். மூட்டை கனமாக இருந்தது. தனியாகத் தூக்க முடியாது என்று அவளும் கூட வந்தாள்.

கண்டியிலிருந்து குண்டசாலை பஸ்ஸில் ஏறினோம். மூட்டையைக் கீழே வை என்றேன், கேட்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு என் பக்கத்துச் சீட் காலியாக இல்லை. முன் சீட்டில் இருந்த பெண் திரும்பிப் பார்த்து, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். அக்கா அவளைக் கவனிக்கவே இல்லை. என் சப்பாத்தை வாசலுக்கு வெளியே வைக்கச் சொன்னவள், நகம் முழுக்கக் கறுத்த கைகளால் அந்த மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய நிலத்தில் மிஞ்சியது அவ்வளவுதான்.

“இந்த மண்ணுல எது சாகாம நிக்குதோ, அத மட்டும் எனக்குக் குடு” என்றாள். “படம் போட்ட பேக்கட்டுல வேணாம். நீ கையால குடு. நெலத்த நான் தேடிக்கிறேன்.”